இருபத்தைந்தில் ஒருவர்

பெருமழை ஓய்ந்திருந்தது. வடக்கே பாலையிலிருந்து புழுதி சுமந்து வரும் உலர்காற்று இன்னும் புறப்படவில்லை. இரண்டிற்கும் இடையே எங்கள் கடற்கரைக்கு வாய்க்கும் அச்சில வாரங்கள், ஒரு பாடல் முடிந்து மறுபாடல் எழுமுன் சபை மூச்சு வாங்கும் அமைதியை ஒத்தவை. கடல் சாம்பல் நிறங்கொண்டு, சினம் தணிந்த முதியவரைப்போல் தனக்குள் முணுமுணுத்துக் கிடக்கும். சாளைப் பருவம் கழிந்துவிட்டபடியால் படகுகள் மணலேறி ஓலை போர்த்து உறங்கும். புகையடுப்புகளின் புகையும் விரைவதில்லை. தென்னந்தலைகள் வரை நேரே எழுந்து, மேலே போவதா கலைவதா என எண்ணுவதுபோல் நிற்கும். வள்ளிக்கிழங்கு வீடு வந்து சேர்ந்திருக்கும், சோளம் பரணேறியிருக்கும். மனிதர் தம் ஆண்டைத் திரும்பிப் பார்த்து, பெற்றதற்கு நன்றி கூறவேண்டும் என்று தாமே உணரும் பருவம் அது. அப்பருவத்தில்தான் எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை.

இத்துணைத் தூய பருவத்திலும் சச்சரவிட ஒரு காரணம் வேண்டும் அல்லவா? எங்களுக்கு அது பிறந்த கிழமை.

எங்கள் ஊரில் ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் பிறந்த கிழமை தெரிந்துவிடும். வியாழனன்று பிறந்த ஆண் எக்கோ, பெண் அபா. வெள்ளியன்று பிறந்தவள் எஃபுவா. என்னைப்போல் ஞாயிறன்று பிறந்தவன் குவேசி. பண்டிகையன்று சபை ஏழு கிழமைகளாய்ப் பிரிந்து அமரும். எந்தக் கிழமையார் மிகுதியாய் வந்திருக்கிறாரோ அவரே அறுப்பின் முதற்கூடையைத் தலைமேல் ஏந்திப் பீடத்தண்டை சேர்ப்பர். ஆண்டு முழுவதும் அவர் நடையில் ஒரு நிமிர்வு இருக்கும். மற்ற ஆறு கிழமையாரின் பேச்சில் ஒரு புளிப்பு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையார் நாங்கள் எண்பது பேர். வெள்ளிக்கிழமையார் ஐம்பது பேர். வியாழக்கிழமையாரோ இருபத்தைந்தே பேர். தலையெண்ணித் தீர்ப்பிட்ட காலமெல்லாம் அவர்கள் கூடையைத் தொலைவிலிருந்து கண்டதன்றித் தொட்டதில்லை. பத்தாண்டுகள் அப்படியே கழிந்தன. பதினோராம் ஆண்டில் வியாழன் குழுவுக்குத் தலைவியாய் வந்தவள் அபா குவான்சா.

அபா மீன் புகைப்பவள். அவளது அடுப்பின் கம்பித்தட்டு ஒன்றில் இருபத்தைந்து கானாங்கெளுத்தி அடங்கும். ஒரு மீன் கருகினால் நூற்றுக்கு நான்கு போயிற்று என்று அவள் தாள் தேடாமல் சொல்வாள். பெரிய தட்டில் நாற்பது; அங்கே ஒரு மீனுக்கு இரண்டரை. இருப்பதை எண்ணிக்கொண்டு நிற்பது வீண்வேலை என்பது அவள் கொள்கை. இழந்ததை எண்ணு, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கு, நூற்றிலிருந்து கழி. மீன் ஆறுமுன் விடை வந்துவிடும்.

தலைவர்கள் கூட்டத்தில் போதகர் முன்னிலையில் அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, போன வருசம் ஞாயித்துக்கெழமக்காரங்க எம்பது பேருல அறுபத்தோரு பேரு வந்தாங்க. பத்தொம்பது பேரு வீட்ல. எம்பதுல தலைக்கு ஒண்ணேகால். பத்தொம்பது, அதுல காலு நாலே முக்கால், ஆக இருபத்து மூணே முக்கால். நூத்துக்கு அவ்வளவு பேரு போர்வைக்குள்ள கெடந்தாங்க. கூடை அவங்களுக்கு. எங்கள்ல ரெண்டே பேருதான் வரல. ரெண்டு நாலு எட்டு. கடைசி எடம் எங்களுக்கு. இது ஆண்டவருக்கே அடுக்குமா?”

ஆர்மோனியம் வாசிப்பவனுக்கு உறங்கும் உரிமை இல்லாததால் நான் அந்தப் பத்தொன்பதில் ஒருவன் அல்லன். ஆயினும் தலை குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமையாரின் தலைவி எஃபுவா ஓட்டூ. ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லித்தருபவள். அபாவின் அடுத்த வீட்டுக்காரி. அவள் கைப்பேசியில் எண்களைத் தட்டிப் பார்த்து, விடை சரியாயிருப்பதைக் கண்டு சற்றே வருந்தினாள். பிறகு, தட்டில் அடங்காத ஒரு கணக்கைக் கேட்டாள். எழுபத்தைந்தில் பதினாறு சதவீதம் எவ்வளவு?

“பன்னெண்டு.”

“எப்படிம்மா வந்துச்சு?”

“திருப்பிப் போடு டீச்சர். பதினாறுல எழுபத்தஞ்சு. அதாவது முக்கால் பங்கு. மீனத் தலப்பக்கம் புடிச்சாலும் வால்பக்கம் புடிச்சாலும் எடை ஒண்ணுதான்.”

எஃபுவாவின் கைப்பேசி அதே விடையைச் சிறிது தாமதித்துச் சொல்லிற்று. போதகர் சிரித்தார், சிரித்தபின் மறுக்க இயலாதாகையால், இவ்வாண்டு முதல் நூற்றுக்கு எத்தனை என்றே தீர்ப்பிடுவதாக ஒப்புக்கொண்டார். பட்டியலில் உள்ள பெயரனைத்தும் கணக்கில் சேரும். இரண்டாம் பாடலின் கடைசிச் சரணத்தில் மணியடித்துக் கதவு சாத்தப்படும். அப்போது உள்ளே இருப்பவரே வந்தவர்.

கூட்டம் கலைந்து வெளியே வருகையில்தான் எஃபுவா மெல்லிய குரலில் முள்ளை நீட்டினாள்.

“எல்லாஞ் சரி அபா. ஒங்க எக்கோ அமிசாவ என்ன பண்ணப் போற?”

அபாவின் முகத்தில் கணக்கு நின்றுபோயிற்று.

எக்கோ அமிசா தச்சர். ஆறாண்டுகளுக்கு முன் ஆலயத்துக்கென்று ஒரு நீண்ட இருக்கை செய்து கொடுத்தார். அவ்வாண்டுப் பண்டிகையில், பிரசங்கத்தின் நடுவே, அந்த இருக்கை பெருஞ்சத்தத்துடன் மூட்டு விட்டுச் சரிந்தது. அதன்மீது அமர்ந்திருந்த வெள்ளிக்கிழமையார் நால்வர் தரையில் அமர்ந்தனர், நடுவில் எஃபுவா. எங்கள் ஆலயத்தில் பிரசங்கத்தினிடையே மனம் பொங்கிய பெண் எழுந்து ஓர் அடி பாடுவதும், சபை அதை வாங்கிப் பாடுவதும் மரபு. நல்ல குரல் வாய்த்த அபா எழுந்தாள்.

நோவா போய் எக்கோவைப் பேழை செய்யச் சொன்னாரே,
சிங்கமும் ஆடும் அன்றே நீந்தப் பழகினவே.

சபை அதை மும்முறை வாங்கிப் பாடிற்று. பாடியவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் கண்ணீர் துடைத்தார்கள். எக்கோ எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, பக்கவாசல் வழியே போனார். அன்று போனவர் ஆலயப்படி மிதிக்கவில்லை. மூட்டு விட்ட இருக்கையைக் கம்பியால் கட்டிக் கடைசி வரிசையில் போட்டார்கள். அதன்மேல் எவரும் அமர்வதில்லை.

“பேர அடிச்சுரு,” என்றாள் எஃபுவா. “இருபத்து நாலு பேரும் வந்தா நூத்துக்கு நூறு. யாரு கேக்கப் போறா?”

“இருபத்து நாலால நூற வகுத்துப் பாரு டீச்சர். தலைக்கு நாலும் ஒரு சொச்சமும். அந்தச் சொச்சத்துக்கு வாலு நீண்டுக்கிட்டே போவும். அந்த மாதிரி கணக்கத் தலையில தூக்கிட்டுத் திரிய என்னால ஆகாது.”

அவ்வாரம் அபா பட்டியலைக் கொடுக்க வந்தபோது எக்கோவின் பெயர்மேல் பேனா நின்றிருந்ததன் அடையாளமாய் ஒரு மைப்புள்ளி மட்டும் இருந்தது, கோடு இல்லை. அது கணக்கின்மேல் அவள் வைத்த காதல் என்றே ஊர் நம்பிற்று. எஃபுவா நம்பவில்லை, எனினும் கேலியை அத்துடன் நிறுத்திக்கொண்டாள். அவள் ஒரு கேலியைத் தானாக நிறுத்தியதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பண்டிகை நாள் வந்தது. வியாழக்கிழமையார் அன்று காட்டிய ஊக்கம் பழைய பரணிகளில் பாடத்தக்கது. அயல்துறைக்குப் படகு செலுத்தவிருந்த ஒருவர் பயணத்தைத் தள்ளிவைத்தார். காலில் கட்டுப்போட்டிருந்த ஒருத்தியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முதற்பாடல் முடிவதற்குள் அபாவின் வரிசைகளில் இருபத்துநால்வர், அவளையும் சேர்த்து, வெள்ளையும் நீலமுமாய் நிறைந்திருந்தனர்.

ஆர்மோனியத்தின்மேல் நான் வைத்திருந்த சிறு கண்ணாடியில் இருபக்கமும் தெரியும். எஃபுவா தன் வரிசையை எண்ணி முடித்து, அபாவை நோக்கி ஒற்றை விரலை உயர்த்தினாள். வராதவரைச் சொல்வதே அதற்குள் ஊர்வழக்கு ஆகிவிட்டிருந்தது. ஐம்பதில் ஒருவர் இல்லை, தலைக்கு இரண்டு, தொண்ணூற்றெட்டு. அபாவும் ஒற்றை விரலை உயர்த்தினாள். இருபத்தைந்தில் ஒருவர் இல்லை, தலைக்கு நான்கு, தொண்ணூற்றாறு. இருவரும் காட்டியது ஒரே விரல்தான். எஃபுவா தன் விரலை மடக்கிப் புன்னகைத்தாள். அபா தன் விரலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு வாசிக்கும் மூப்பர் எழுந்தார். அவர் தாளில் உள்ள ஒரு புள்ளியையும் விடாமல் வாசிப்பவர். அதன்பின் வேதபாடம், அதன்பின்தான் இரண்டாம் பாடல். கழிமுகத்தருகே உள்ள தச்சுக்கொட்டகைக்குப் போய்வர அந்நேரம் போதும் என்று அபா கணக்கிட்டிருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் அவள் சேலைநுனி ஒருகணம் தெரிந்தது. பின் பக்கவாசல் மட்டும் தெரிந்தது.

கொட்டகையில் நடந்ததை இருவரும் பின்னர் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள். அபா சொன்னதில் நூற்றுக்குப் பத்தைக் கழித்தும், எக்கோ சொன்னதில் நூற்றுக்குப் பத்தைக் கூட்டியும் நான் எழுதுகிறேன். கழித்த பத்தும் கூட்டிய பத்தும் சமம் ஆகா என்று அபா அதிலும் பிழை கண்டாள்.

எக்கோ வேலை செய்யவில்லை. பண்டிகைக்குரிய வெள்ளை ஆடை உடுத்து, தொப்பியை மடியில் வைத்து, தாம் செய்த முக்காலியில் ஆலயத்தை நோக்கி அமர்ந்திருந்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பாடல் அங்கே கேட்கும்.

“பாட வந்தியா?” என்றார்.

“கூப்புட வந்தேண்ணே.”

“எதுக்கு?”

சுற்றி வளைக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமையாருக்குத் தொண்ணூற்றெட்டு, நமக்குத் தொண்ணூற்றாறு, நீங்கள் ஒருவர் வந்தால் நூறு, நூறை வெல்ல எண் இல்லை. அவள் அப்படியே சொன்னாள்.

எக்கோ காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்தார். பக்கத்தில் கிடந்த பலகையில் ஐந்தைந்தாய் இருபத்தைந்து கோடுகள் இழுத்தார். ஒரு கோட்டின்மேல் குறுக்கே கீறினார்.

“இது நான்.”

“ஆமாண்ணே. அதுதான் நாலு.”

அவர் இன்னொரு கோட்டின்மேல் குறுக்கே கீறினார். “இது யாரு?”

அபா பலகையைப் பார்த்தாள்.

“இருபத்தஞ்சுல இப்ப உள்ள இருக்கறது இருபத்து மூணு. ரெண்டு நாலு எட்டு. தொண்ணூத்திரண்டு. நீ எங்கம்மா நின்னுக்கிட்டு இருக்க?”

ஊர் முழுவதையும் எண்ணியவள் தன்னை எண்ண மறந்திருந்தாள். நான்கை மீட்க வந்தவள் ஒரு நான்கைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். மூப்பரும் அவளைக் கைவிட்டார். என்றுமில்லாத வழக்கமாய் அன்று ஒரு பக்கத்தை வாசிக்காமல் விட்டிருந்தார். இரண்டாம் பாடலின் கடைசிச் சரணம் காற்றில் வந்தது. பின் மணியோசை வந்தது.

எக்கோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இனி அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தாராம். அபா, சிராய்த்தூள் கிடந்த தரையில் புதுச்சேலையோடு உட்கார்ந்தாள்.

“அண்ணே, சிரிப்பு வரட்டும்னுதான் பேழப்பாட்டு பாடுனேன். சிரிப்பு வந்துச்சு. நீங்க எந்திரிச்சுப் போனதப் பாத்தேன். அங்கயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. நீங்க போனதுக்கப்புறமும் இன்னொரு அடி பாடுனேன்.”

அந்த இரண்டாம் அடி எனக்கு நினைவிருக்கிறது. அதை எழுதமாட்டேன்.

எக்கோ கோடிட்ட பலகையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மரத்தைப் பற்றிப் பேசினார். “பச்ச மரம்னு அப்பவே சொன்னேன். நூத்துக்கு முப்பது பங்கு தண்ணி. காஞ்சா சுருங்கும், மூட்டு விட்டுப்போவும்னு சொன்னேன். பண்டிகைக்கு வேணும்னு அவசரப்படுத்துனாங்க. நீ அதப் பாட்டுல சேக்கல.”

“அது தாளத்துக்கு வரலியேண்ணே.”

ஆறாண்டுகளில் அவர் சிரித்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. கண்டவள் அபா ஒருத்தி. சிரிப்பு அடங்கியபின், அவர் உத்திரத்தின் இடுக்கில் கைவிட்டு ஒரு மரஆணியை எடுத்தார். உள்ளங்கை நீளம், காட்டுத்தேக்கு, தொட்டுத்தொட்டு மெருகேறியிருந்தது.

“அந்த மூட்டுக்கு அளவெடுத்துச் செஞ்சது. காய்றதுக்கு மூணு மாசம் போதும். கூப்புட ஆளு வர்றதுக்கு ஆறு வருசம் ஆச்சு.”

“நான் கணக்குக்காகத்தான் வந்தேன்,” என்றாள் அபா, பொய் சொல்ல வராதவளாய்.

“தெரியும். மணி அடிச்சப்புறமும் ஒக்காந்திருக்கியே, அதுக்குத்தான் எடுத்தேன்.”

அவர்கள் வந்து சேர்ந்தபோது கதவு மீண்டும் திறந்திருந்தது. கூடை பீடத்தண்டை சேர்ந்துவிட்டிருந்தது. தொண்ணூற்றெட்டுடன் வெள்ளிக்கிழமையார் வென்றிருந்தனர்; வியாழக்கிழமையார் தொண்ணூற்றிரண்டுடன் தம் தலைவியைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தனர். அவர்கள் வரிசைகளில் காலியாயிருந்த இடங்களில் விருந்தினர் அமர்ந்துவிட்டிருந்தனர். இடமிருந்தது கடைசி வரிசையில், கம்பி கட்டிய இருக்கையில் மட்டும்.

போதகர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். எக்கோ குனிந்தார். விரலால் மூட்டைத் தடவினார். ஆணியைப் பொருத்தி, செருப்பைக் கழற்றி அதன் குதிகாலால் நான்கு தட்டுத் தட்டினார். நான்கு என்பதை நானும் எண்ணினேன். பின் கம்பியை முறுக்கவிழ்த்து எடுத்தார். ஆனால் உட்காரவில்லை. அபாவும் உட்காரவில்லை. தம் கைவேலையைத் தாமே சோதிக்க அவருக்கு மனமில்லை, அவளுக்கோ உரிமையில்லை.

அப்போது வெள்ளிக்கிழமை வரிசையிலிருந்து எஃபுவா ஓட்டூ எழுந்தாள். வெற்றி பெற்ற வரிசையை விட்டு, சபை முழுதும் பார்க்க, நடுவழியே நடந்து வந்தாள். ஆறாண்டுக்கு முன் தான் விழுந்த அதே இடத்தைக் கண்ணால் அளந்து, தன் முழு எடையுடன், ஒரு தயக்கமுமின்றி உட்கார்ந்தாள். இருக்கை முனகவில்லை.

“ஒக்காருங்கண்ணே,” என்றாள் எக்கோவிடம். பின் அபாவின் பக்கம் சாய்ந்தாள். “ஒரு நாலக் கொண்டாரப் போயி ரெண்டு நாலத் தொலச்சிருக்க. ஆறாங்கிளாஸ் புள்ளைங்ககூட இப்படிப் பண்ணாதுங்க.”

இருவரும் அவளருகே உட்கார்ந்தார்கள். பிரசங்கத்தின் நடுவே அபா எழுந்து பாடுவாள் என்று நான் விரல்களைச் சுருதிக்கட்டைமேல் வைத்துக் காத்திருந்தேன். அவள் பாடவில்லை. எக்கோ இருக்கையிலிருந்து சரிந்து, சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டு, முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை வைத்தார். அவர் தோள்கள் அசைவற்றிருந்தன. சற்று நேரத்தில் அபாவும் அருகே முழந்தாளிட்டாள். அவள் சேலையில் ஒட்டியிருந்த சிராய்த்தூள் தரையில் உதிர்ந்தது. அவர் தம் தொப்பியை எடுத்து, இருவருக்கும் நடுவே, தரையில் வைத்தார்.

கண்ணாடியில் அதற்குமேல் பார்ப்பது தகாது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போதகர் கைகளை உயர்த்தினார்.

“எண்ணுமுன் வந்தவர்களையும், எண்ணி முடிந்தபின் வந்தவர்களையும், இன்னும் வழியில் நிற்பவர்களையும் ஆண்டவர் பெயர்சொல்லி அழைப்பாராக. உங்கள் அடுப்பில் புகை அடங்காதிருப்பதாக. உங்கள் கூடை குறையாதிருப்பதாக. உங்கள் இருக்கைகள் தாங்குவதாக. சமாதானத்தோடே போங்கள். ஆமென்.”